ஒரே கம்பி, பத்துக் காது

டெலிபோன் அலறியது.

இரண்டு நீள மணி, ஒரு குட்டை மணி. க்ரம்ரைன் வீட்டுக்கான அழைப்பு.

ஹெட்டி அடுப்பில் ஆப்பிள் கூழைக் கிளறிக்கொண்டிருந்தாள். செப்டம்பர் வந்துவிட்டால் ஓஹையோவில் எந்த வீட்டு அடுப்பிலும் இதுதான். காலையில் ஏற்றினால் சாயங்காலம் வரை கிளற வேண்டும். கையை எடுத்தால் அடிப்பிடித்துவிடும்.

துடுப்பைச் சாத்தி வைத்துவிட்டுச் சுவரிலிருந்த ரிசீவரை எடுத்தாள்.

"ஹலோ…"

"ஹெட்டி, நான்தான்."

எஸ்ரா. அவள் அண்ணன். வயலின் கோடியில் இருக்கும் விமானக் கொட்டகையிலிருந்து பேசுகிறான்.

"என்னண்ணா, அதுக்குள்ள பசியா? ரொட்டி இன்னும் வேகல."

"மாவுத் தொட்டில இருக்கற தகடுகளை எடுத்துக்கிட்டு இங்க வா. உடனே."

ஹெட்டி ரிசீவரைக் காதோடு அழுத்தினாள்.

போனில் தகடுகளைப் பற்றி எஸ்ரா இதுவரை வாயே திறந்ததில்லை. எப்படித் திறப்பான்? ஆல்டர் க்ரீக் சாலையில் அவர்கள் வீட்டைத் தவிர இன்னும் பத்து வீடு. அத்தனைக்கும் ஒரே கம்பி. யார் வீட்டுக்கு மணி அடித்தாலும் எல்லார் வீட்டிலும் அடிக்கும். ஒட்டுக் கேட்பது பாவம் என்று பாதிரியார் போன மாதம்தான் பிரசங்கம் செய்தார். பிடிபட்டால் போனைப் பிடுங்கிவிடுவோம் என்று டெலிபோன் கம்பெனியும் மிரட்டியிருந்தது. ஊரே பயபக்தியோடு தலையாட்டியது.

தலையாட்டிவிட்டுப் போய்க் கேட்டது.

கிளிக்… கிளிக்… கிளிக்…

ஒவ்வொரு ரிசீவராக உயர உயர எஸ்ராவின் குரல் தேய்ந்துகொண்டே போனது. கம்பியில் எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது. எங்கோ கூண்டில் ஒரு கேனரிக் குருவி பாடியது. ஆட்டிங்கர் அம்மாள் வீட்டுக் குருவி. அந்த அம்மாள் லைனில் இருந்தால் அந்தக் குருவியும் இருக்கும்.

"அண்ணா, எல்லாரும் கேட்டுட்டிருக்காங்க."

"தெரியும். ஹெட்டி, நீ பத்திரமா…"

மட்!

பூசணிக்காயைத் தரையில் போட்டு உடைத்த சத்தம்.

மறுபடி… மட்! மறுபடி…

தொங்கவிடப்பட்ட ரிசீவர் சுவரில் டொக் டொக்கென்று மோதியது. யாரோ மூச்சு வாங்கினார்கள். அப்புறம் அதுவும் இல்லை.

பத்து வீட்டில் ஒரு வீடுகூட வாய் திறக்கவில்லை. ஒவ்வொருவராக ரிசீவரைப் பூப்போல மாட்டினார்கள்.

ஹெட்டி செருப்புகூடப் போடாமல் வயலுக்குள் ஓடினாள்.

*

எஸ்ரா விமானத்தின் இரண்டு அடுக்கு இறக்கைகளில் கீழ் இறக்கைமேல் குப்புறக் கிடந்தான். வெள்ளைத் துணி இழுத்துக் கட்டிய இறக்கை. அவனே தைத்தது. அது முழுக்க ரத்தம் ஊறிச் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. பின்மண்டை என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. பக்கத்தில் முழங்கை நீள ஸ்பேனர். அதில் முடி ஒட்டியிருந்தது.

இறக்கைகளைச் சோதிக்கும் காற்றுப் பெட்டியைக் கோடாலியால் கொத்திப் போட்டிருந்தார்கள்.

ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்த ஷெரிஃப் கோல்வின் தொப்பியைக் கழற்றினார். பருத்த மனிதர். குனிந்து பார்த்துவிட்டு நிமிர்வதற்கே ஒரு நிமிஷம் பிடித்தது.

"எதைத் தேடியிருக்கான், மா?"

"தகடு."

"என்ன தகடு?"

ஹெட்டி அழவில்லை. பேச்சு மட்டும் வந்தது.

"விரல் நீள எஃகுத் தகடு, ஷெரிஃப். ஒவ்வொண்ணும் ஒரு குட்டி இறக்கை. இந்தப் பெட்டிக்குள்ள வெச்சு, ஒரு பக்கம் விசிறியைச் சுத்தவிட்டு, எந்த வளைவு எவ்வளவு தூக்குதுன்னு ரெண்டு குளிர்காலம் நானும் அண்ணனும் அளந்தோம். அந்த வளைவைத் தாங்கதான் கண்டுபிடிச்சதா ஸார்ட்வெல் விமானக் கம்பெனி சொல்லுது."

"அவங்களா சொல்றாங்க?"

"ஆமா. அதுக்குத்தான் கேஸ். செவ்வாய்க்கிழமை டேட்டன் கோர்ட்ல நடக்குது. தகடுகளைக் கண்ணால பாக்கணும்னு ஜட்ஜ் சொல்லிட்டார். கொண்டு போனா அண்ணன் பக்கம் ஜெயிக்கும். இல்லைன்னா அவன் கண்டுபிடிச்சதெல்லாம் அந்தத் திருடனுங்க பேர்ல பறக்கும்."

"தகடு இப்ப எங்க?"

"சொல்ல மாட்டேன். உங்ககிட்டயும்."

ஷெரிஃப் கோபித்துக்கொள்ளவில்லை. புகையிலையைத் துப்பினார்.

"ஸார்ட்வெல் ஆள் ஒருத்தன் டவுன் ஓட்டல்ல தங்கியிருக்கான். முதல்ல அவனைப் போய் உலுக்கறேன். வர்ற வழியில ரோட்டுல எல்லா வீட்லயும் விசாரிச்சாச்சு. ஒருத்தர்கூட எதையும் கேக்கலையாம்."

"பத்து வீட்லயும் கேட்டாங்க. எனக்கே கேட்டுச்சு, அவங்க கேட்டது."

"ஆட்டிங்கர் அம்மா சோப்புக் காய்ச்சிட்டிருந்தாங்களாம். அவங்க வீட்டுக்காரர் மாட்டுக்கு லாடம் அடிச்சிட்டிருந்தாராம். மூர் வீட்ல எல்லாருக்கும் திடீர்னு காது வலியாம்."

"என் அண்ணன் மண்டை உடையறதைக் கேட்டுட்டு…"

"ஒத்துக்கிட்டா போன் போயிடும், மா. போன் போனா அவங்களுக்கு உசுரு போன மாதிரி."

ஹெட்டிக்கு அந்தச் சாலையையே கொளுத்திப் போடலாம் போலிருந்தது.

*

மத்தியானம் வரை வீடு முழுக்கப் பெண்கள். ரொட்டி கொண்டுவந்தார்கள், கட்டிக்கொண்டு அழுதார்கள். போன் பக்கம் மட்டும் ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. ஹெட்டி எல்லாரையும் நயமாக அனுப்பிவிட்டு மறுபடி அடுப்படிக்குப் போனாள். கையைச் சும்மா வைத்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

வந்த பெண்கள் மாற்றி மாற்றிக் கிளறிவிட்டிருந்த கூழ் கெட்டியாகி, செம்பட்டை நிறத்தில் குமிழி விட்டுக் கொதித்தது.

கதவு திறந்தது.

டெல்பர்ட் ரூஷ்.

எஸ்ரா கட்டிய விமானத்தை ஓட்டுகிறவன். அதிலிருந்து நாலு முறை விழுந்து எழுந்தவன். இடது கால் கொஞ்சம் இழுக்கும். வெளியே திராட்சைப் பந்தலில் தலை இடிக்காமல் குனிந்து வந்த வேகத்திலேயே வந்து ஹெட்டியைக் கட்டிக்கொண்டான். அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

"ஹெட்டி… டேட்டன் ரயில்லேர்ந்து இறங்கினதும் இறங்காததுமா ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னார். எஸ்ரா செத்துட்டான்னார். அதுக்கு மேல எனக்குக் காதே கேக்கல."

"உக்காரு, டெல்பர்ட். காப்பி போடறேன்."

"காப்பியெல்லாம் வேணாம். செஞ்சவன் திரும்பி வருவான். நீ இங்க தனியா இருக்காத."

"எங்க போவேன்?"

"எங்கயும் போக வேணாம். தகடுகளை என்கிட்ட குடு. நானே வக்கீல் கையில சேத்துடறேன். போயும் போயும் மாவுத் தொட்டியை நம்பிக்கிட்டு உக்காந்திருக்கியே…"

துடுப்பு ஒரு வினாடி நின்றது.

மறுபடி சுழன்றது.

"ஸ்டேஷன் மாஸ்டர் வேற என்ன சொன்னார்?"

"அதான் சொன்னேனே. செத்துட்டான்னு."

"மாவுத் தொட்டின்னு சொன்னாரா?"

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டாள். காலையிலிருந்து அடக்கிவைத்த ஆத்திரம் அறிவைக் கேட்டுக்கொண்டா வெளியே வரும்?

டெல்பர்ட் சிரிக்கப் பார்த்தான். "வர்ற வழியில யாரோ பேசிக்கிட்டாங்க…"

"யாரும் பேசியிருக்க மாட்டாங்க. பேசினா ஒட்டுக் கேட்டதா ஆயிடும். ஷெரிஃப் வீடு வீடா ஏறி இறங்கியும் ஒரு வார்த்தை வரல. உன்கிட்டயா சொல்லப் போறாங்க?"

கூழ் மட்டும் களக் களக்கென்றது.

"மாவுத் தொட்டின்னு அண்ணன் போன்லதான் சொன்னான். லைன்ல இருந்தவங்களுக்குத் தெரியும். அவன் பக்கத்துல நின்னவனுக்குத் தெரியும். நீதான் ரயில்ல இருந்தேன்னியே?"

டெல்பர்ட்டின் முகத்திலிருந்து துக்கம் மொத்தமாக வழிந்து போனது. கோட்டுக்குள்ளிருந்து ரிவால்வர் வந்தது.

"நீ எப்பவுமே எஸ்ராவைவிடப் புத்திசாலி."

அந்த நேரம் பார்த்து…

இரண்டு நீளம், ஒரு குட்டை!

இருவரும் போனைப் பார்த்தார்கள். மறுபடி அடித்தது.

"எடுக்காம விட்டா?" என்றான் டெல்பர்ட்.

"துக்க வீடு. எடுக்கலைன்னா பாக்க வந்துடுவாங்க."

"எடு. தனியா இருக்கேன்னு சொல்லி வெச்சுடு. ஒரு வார்த்தை தப்பினா முதுகெலும்பு இருக்காது."

ரிவால்வரின் முனை அவள் முதுகில் அழுந்தியது. ஹெட்டி ரிசீவரை எடுத்தாள்.

"கண்ணு…" ஆட்டிங்கர் அம்மாள். பின்னால் குருவி. "ஒரு கோழியை வேக வெச்சேன். கொண்டாரட்டா?"

"வேணாம்மா. தனியாத்தான் இருக்கேன். கொஞ்சம் படுக்கப் போறேன்."

"ஏன் கண்ணு குரல் இப்படி இருக்கு?"

"தொண்டை கட்டியிருக்கு. வெச்சிடறேம்மா."

ரிசீவரை மாட்டினாள்.

ஆனால் முழுசாக மாட்டவில்லை. துணி காயப் போடும் மரக் கிளிப்புகள் அவள் ஏப்ரன் பையில் கிடந்தன. கொக்கி கீழே இறங்கினால்தான் லைன் துண்டாகும். உடம்பால் மறைத்துக்கொண்டு கொக்கிக்கு அடியில் ஒரு கிளிப்பைச் செருகினாள்.

கொக்கி இறங்கவில்லை.

ஆட்டிங்கர் அம்மாள் ஜென்மத்தில் முதல் ஆளாக ரிசீவரை வைத்ததில்லை. அதுதான் ஹெட்டிக்கு மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை.

"தொட்டியைத் திற," என்றான் டெல்பர்ட்.

"நீயே திறந்துக்கோ."

பளார்!

ரிவால்வரின் பின்பக்கத்தால் அடித்தான். ஹெட்டியின் உதடு கிழிந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரத்தத்தை விழுங்கிவிட்டு, கொஞ்சம் உரக்கவே கேட்டாள்.

"ஏன் டெல்பர்ட் எங்க அண்ணனைக் கொன்னே? கூடப் பொறந்தவன் மாதிரி வெச்சிருந்தானே உன்னை."

டெல்பர்ட்டின் ஒரு கையில் துப்பாக்கி, மறு கை தோள் வரை மாவுக்குள். "கூடப் பொறந்தவனா? விழுந்தது யாரு? விலா உடைஞ்சது யாருக்கு? காலு போனது யாருக்கு? அவன் கீழ நின்னு கடிகாரத்தைப் பாத்துக்கிட்டிருந்தான். பேட்டன்ட்ல யார் பேரு? க்ரம்ரைன். என் பேரு ஓரமாக்கூட இல்ல."

"அதுக்கு?"

"ஸார்ட்வெல் என் பேரையே விமானத்துக்கு வைக்கறேன்னான். 'ரூஷ்' விமானம். நல்லா இல்ல?" மாவு பறந்தது. "தகட்டை மட்டும் குடுன்னு எஸ்ராகிட்ட நல்லபடியாத்தான் கேட்டேன். தங்கச்சியைக் கூப்பிடு, கொண்டு வரச் சொல்லுன்னேன். எங்க இருக்குன்னு அவன் வாயாலயே சொல்லிட்டான். அதுக்கப்புறம் அவன் எதுக்கு?"

"ஸ்பேனரால மூணு அடி."

"முதல் அடியிலயே போயிட்டான். மத்த ரெண்டும் என் காலுக்கு."

ஹெட்டி கண்ணை மூடித் திறந்தாள். அந்த நொடியில் அவளுக்கு உயிர்மேல் ஆசை இல்லை. இவன் இங்கிருந்து நடந்து வெளியே போகக் கூடாது. அவ்வளவுதான்.

டெல்பர்ட் தொட்டியை உதைத்துக் கவிழ்த்தான். தரையெல்லாம் மாவு.

தகடு இல்லை.

"எங்க?" அவள் முடியைப் பிடித்து இழுத்து, நெற்றியில் ரிவால்வரை வைத்தான். "கடைசித் தடவை கேக்கறேன்."

"சொல்றேன்… விடு… அண்ணன் சாவுக்கப்புறம் இடத்தை மாத்திட்டேன்."

"எங்க?"

"கூழுக்குள்ள."

"என்னது?"

"அடுப்புல. பாத்திரத்துக்கு அடியில கிடக்கு. எவன் கொதிக்கற கூழுக்குள்ள தேடுவான்?"

டெல்பர்ட்டுக்கே சிரிப்பு வந்தது. "எடு. துடுப்பால எடு."

ஹெட்டி துணியால் பாத்திரத்தின் காதைப் பிடித்தாள். மறுகையால் துடுப்பை விட்டுத் துழாவினாள். டெல்பர்ட் எட்டிப் பார்த்தான். துப்பாக்கி மட்டும் அவள் விலாவை விட்டு விலகவில்லை. அது விலகினால் போதும்… ஒரே ஒரு வினாடி…

அப்போது சமையலறையில் ஒரு குருவி பாடியது.

டெல்பர்ட் விறைத்தான்.

"என்ன சத்தம் அது?"

மறுபடி பாடியது. கணீரென்று. சுவரிலிருந்து.

"இந்த வீட்ல ஏது குருவி?"

திரும்பினான். போனைப் பார்த்தான். கொக்கிக்கு அடியிலிருந்த கிளிப்பைப் பார்த்தான்.

ஹெட்டி பாத்திரத்தைத் தூக்கி அவன் முகத்தில் கவிழ்த்தாள்.

டெல்பர்ட் போட்ட கூச்சலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஆப்பிள் கூழ் தண்ணீர் மாதிரி வழிந்து ஓடாது. பிடித்த இடத்திலேயே நின்று வேகவைக்கும். கன்னம், கழுத்து, கண் இமை… கையால் வழித்த இடத்தில் தோலும் சேர்ந்து வந்தது.

டுமீல்!

கண் தெரியாமல் சுட்டான். தோட்டா ஹெட்டியின் தோள் சதையைப் பிய்த்துக்கொண்டு போனது. அவள் துடுப்பை ஓங்கி அவன் மணிக்கட்டில் இறக்கினாள். எலும்பு முறிந்து ரிவால்வர் மாவுக்குள் விழுந்தது. மறு அடி ஓங்குவதற்குள் அவன் குரல் வந்த திசையில் பாய்ந்து அவள் கழுத்தைப் பிடித்துவிட்டான். இருவரும் மாவில் உருண்டார்கள். அவன் கட்டை விரல்கள் குரல்வளையில் இறங்கின. ஹெட்டிக்குப் பார்வை இருண்டது…

கதவு பெயர்ந்து விழுந்தது.

ஆட்டிங்கர் அம்மாள்! கையில் இரும்பு வாணலி. பின்னால் புருஷன், துப்பாக்கியோடு. அவருக்குப் பின்னால் மூர் வீட்டார், காது வலியெல்லாம் பறந்து போய், வைக்கோல் வாரும் கவைகளோடு.

வாணலி டெல்பர்ட்டின் மண்டையில் இறங்கியது. ஒரே அடிதான். அந்த அம்மாள் வாரம் ஒரு பன்றியைத் தனியாகப் புரட்டிப் போட்டு அறுக்கிறவள்.

*

ஷெரிஃப் வந்து சேர்ந்தபோது சமையலறையில் கால் வைக்க இடமில்லை. சாலையே அங்கே இருந்தது. டெல்பர்ட்டை நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். முகத்தில் ஈரத் துணி. ஆனால் அதற்குள்ளிருந்து வந்த பேச்சில் தெளிவுக்குக் குறைவில்லை.

"ஷெரிஃப், நான் ஆறுதல் சொல்ல வந்தேன். அண்ணன் போன துக்கத்துல இவளுக்குப் புத்தி பேதலிச்சிருச்சு. கொதிக்கறதை எடுத்து ஊத்திட்டா. தடுக்கறப்ப துப்பாக்கி வெடிச்சிருச்சு."

"பொய்," என்றாள் ஹெட்டி. தோளில் கட்டு. குரல் கரகரத்தது. "தகட்டுக்காக வந்தான். அண்ணனைக் கொன்னதே இவன்தான்."

"தகடா? எங்க இருக்கு? காட்டச் சொல்லுங்க, பாப்போம்."

ஹெட்டி எழுந்து போய்க் கிளிப்பை உருவி, ரிசீவரை ஒழுங்காக மாட்டினாள். அப்புறம்தான் வாய் திறந்தாள்.

"போன்ல தகட்டைப் பத்திப் பேச வேண்டி வந்தா இடத்தைப் பொய்யாத்தான் சொல்லணும். இது எனக்கும் அண்ணனுக்கும் மட்டும் தெரிஞ்ச ஏற்பாடு. மாவுத் தொட்டின்னு அவன் சொன்ன உடனே ஆபத்துன்னு எனக்குப் புரிஞ்சுது. அந்தத் தொட்டில மாவைத் தவிர எதுவும் இருந்ததில்ல."

ஜன்னலைத் திறந்தாள்.

வெளியே திராட்சைப் பந்தல். பழுத்த கொத்துகளுக்கு நடுவே, பறவைகளை விரட்ட நூலில் கட்டித் தொங்கவிட்ட விரல் நீளத் தகடுகள். எண்ணெய் பூசிய எஃகு. காற்றில் திரும்பித் திரும்பி மின்னின.

டெல்பர்ட் தலையை உதறித் துணியை விலக்கி, மிச்சமிருந்த ஒரு கண்ணால் பார்த்தான்.

"தினமும் அதுக்குக் கீழதான் குனிஞ்சு வந்தே," என்றாள் ஹெட்டி. "ஒரு நாளாவது நிமிர்ந்து பாத்தியா?"

டெல்பர்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

"சரி. தகடு இருக்கு. அதுக்காக எஸ்ராவைக் கொன்னது நான்னு ஆயிடுமா? நான் அப்படிச் சொன்னதை இவளைத் தவிர யாரு கேட்டது?"

ஷெரிஃப் கூட்டத்தைப் பார்த்தார்.

"நியாயமான கேள்வி. யாராவது கேட்டீங்களா?"

கூட்டம் தரையைப் பார்த்தது. கூரையைப் பார்த்தது. மூரின் கை தானாகக் காதுக்குப் போனது.

ஹெட்டி கிழிந்த உதட்டோடு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். காலையில் பூப்போல ரிசீவரை மாட்டிய முகங்கள்.

ஆட்டிங்கர் அம்மாள் தொண்டையைக் கனைத்தாள்.

"ஷெரிஃப்… நான் ஒட்டுக் கேக்கற ஆள் இல்ல. ஊருக்கே தெரியும்."

"தெரியும்."

"ரிசீவர்ல தூசி. எடுத்துத் துடைச்சிட்டிருந்தேன். அப்படியே ஒரு ஓரமாக் காதுல விழுந்துச்சு. ஸ்பேனரால அடிச்சது, மத்த ரெண்டு அடியும் காலுக்குன்னது, ஸார்ட்வெல் பேர் வைக்கறேன்னது… எல்லாம் விழுந்துச்சு. அப்புறம் ரிசீவரை அப்படியே குருவிக் கூண்டுகிட்டப் போட்டுட்டு ஓடி வந்தேன்."

"நானும் துடைச்சிட்டிருந்தேன்," என்றார் அவள் புருஷன். அவர்கள் வீட்டில் இருந்ததே ஒரே ஒரு போன்தான்.

"நானும்தான்," என்றான் மூர்.

"நாங்களும்…"

"எங்க வீட்லயும் துடைச்சோம்…"

"காலையிலயும் ஒரு தடவை துடைச்சோம், ஷெரிஃப். எஸ்ரா பேசினப்ப…"

டெல்பர்ட்டின் தலை மார்பில் தொங்கியது. ஹெட்டிக்கு அப்போதுதான், முதல்முறையாக, அழுகை வந்தது.

ஷெரிஃப் கோல்வின் விலங்கை எடுத்துக்கொண்டே பெருமூச்சு விட்டார்.

"ஓஹையோ பூராச் சுத்தியிருக்கேன். இந்த ஆல்டர் க்ரீக் மாதிரி சுத்தமான ஊரை நான் எங்கயும் பாத்ததில்ல."